இடம் மாறிய நுனிகள்

அன்று செவ்வாயா புதனா என்பதில் இப்போது சந்தேகம் வருகிறது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது அந்தக் காலையில்தானா, இல்லை வேறொரு காலையில் பொங்கிய பாலை நினைவு இங்கே கொண்டுவந்து ஊற்றிவிட்டதா, அதுவும் தெரியவில்லை. இருந்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மாமியார் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் யாருக்கும் குழப்பம் இல்லை.

"அங்கேயும் உடைச்சிட்டியா?"

மருமகள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி பாதி வழியில் நின்றது.

உடைந்தது பாத்திரமோ கண்ணாடியோ இல்லை. நாத்தனாரின் ரத்தத்திலிருந்து பிரித்த டி.என்.ஏ. இழை. மருமகள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், மருமகளின் கையாலேயே, அது துண்டு துண்டாகப் போயிருந்தது. 'மாதிரி பயன்படவில்லை, மறுபடி ரத்தம் கொடுக்க வரவும்' என்று நாத்தனாரின் கைபேசிக்கு அன்று காலை செய்தி வந்திருந்தது.

"உன்னைத்தான் கேக்கறேன். வாயில என்ன, பூட்டா?"

"ஆமா அத்தை... என் தப்புதான். அவசரத்துல..."

"அவசரமா! நீயா!" மாமியார் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். "ஒரு டம்ளரக் கழுவ அரை மணி நேரம். ஒரு வாசலப் பெருக்க அரை நாள். பத்து வருஷமா இந்த வீட்டுல ஊர்ந்துக்கிட்டு இருக்கிற நத்தைக்கு, எம்பொண்ணு விஷயத்துல மட்டும் றெக்கை முளைச்சிடுச்சோ?"

கூடத்தில் மருமகளின் கணவன் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடமாக ஒரே நாடா. லிப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் கம்பியைப் பிடித்துத் தொங்கினாலும் அவனுக்குக் கை நடுங்காது. அம்மாவின் குரல் ஏறினால் மட்டும், மின்சாரம் போன லிப்ட் மாதிரி இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவான்.

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பின்னால் நாத்தனார். மூன்றாவது கருவும் கலைந்து, இரண்டு மாதம் முன்பு பிறந்த வீட்டுக்கு வந்தவள், இன்னும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்ணியோடு பேசுவதும் இல்லை.

"முதல்ல வண்டியில வச்சு உலுக்கின. இப்ப குழாயில போட்டு உலுக்கியிருக்க. உன் கை பட்டாலே அவளுக்கு எதுவும் முழுசா நிக்காதுடி!"

மருமகள் துணியைத் தொட்டியில் பிழிந்தாள்.

அந்த வண்டிக் கதை நாலு வருடப் பழசு. நாத்தனார் அப்போது முதல்முறையாகக் கருவுற்று இரண்டு மாதம். அம்மா வீட்டுக்கு வந்திருந்தவளை, மருமகள் தன் ஸ்கூட்டரில் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனாள். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய தெரு. வண்டி ஒரு மேட்டில் ஏறித் தொப்பென்று இறங்கியது. "என்ன அண்ணி, குதிரைச் சவாரியா!" என்று பின்னாலிருந்து நாத்தனார் சிரித்தாள். மறுநாள் சாயங்காலம் உதிரப்போக்கு.

அதனால் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். "அவங்களுக்கென்ன, ஆறுதலா நாலு வார்த்தை சொல்வாங்க" என்றாள் மாமியார். இரண்டாவதும் மூன்றாவதும் கலைந்தபோது, "முதல்ல உடைஞ்சது ஒட்டுமா?" என்றாள். மருமகள் அன்றைக்குப் பிறகு வண்டியை எடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு, வேலைக்கு நாற்பது நிமிடம் நடந்து போனாள், நடந்து வந்தாள்.

மற்ற யாராவது என்றால் டாக்டர் பேச்சைக் கேட்டுத் தேறியிருப்பார்கள். இவளால் முடியவில்லை. உலுக்கினால் அறுந்துபோகும் ஒன்றைக் கையாள்வதுதான் அவளுடைய தொழிலே.

ஆய்வகத்தில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு ஜன்னல், வரிசையாக மூடியிட்ட சின்னக் குழாய்கள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களிலிருந்து டி.என்.ஏ. இழையை அறுபடாமல், முடிந்தவரை நீளமாக எடுக்க வேண்டும். குலுக்கக் கூடாது. சுற்றும் இயந்திரத்தில் கலக்கக் கூடாது. உறிஞ்சுகுழலில் வாய் அகன்ற முனையை மாட்டித்தான் உறிஞ்ச வேண்டும், அதுவும் தேன் இறங்குகிற வேகத்தில். எடுத்த பிறகு ஒரு நாள் அதை அதன் பாட்டுக்குக் கிடக்க விட வேண்டும். பிறகு இழை நெடுகக் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் ஒளிரும் சாயப் புள்ளிகள் ஒட்டும். தலைமயிரைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மெல்லிய வாய்க்கால்களுக்குள் இழைகளை நேராக நீட்டி, இயந்திரம் படம் பிடிக்கும். புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதுதான் சங்கதி. எங்காவது பெரிய துண்டு காணாமல் போயிருந்தாலோ, தலைகீழாகத் திரும்பியிருந்தாலோ, இடம் மாறி ஒட்டியிருந்தாலோ அந்தத் தூரங்கள் காட்டிக் கொடுத்துவிடும்.

வீட்டில் வசவாக இருந்த நிதானம் அங்கே சொத்தாக இருந்தது. ஆறு வருடத்தில் அவள் கையில் ஒரு இழை அறுந்ததில்லை.

நாத்தனாருக்கும் அவள் புருஷனுக்கும் முன்பே இரண்டு சோதனை ஆகியிருந்தது. மைக்ராஸ்கோப்பில் குரோமோசோம்களைப் பார்த்தார்கள், சரி என்றார்கள். டி.என்.ஏ.வைச் சின்னத் துண்டுகளாக எழுத்தெழுத்தாகப் படித்தார்கள், அதுவும் சரி. "அப்ப எல்லாமே சரின்னா, தப்பு யாரோடது?" என்று கேட்டுவிட்டு மாமியார் மருமகளைப் பார்த்தாள். கடைசியாக டாக்டரம்மா இந்த நீள இழைச் சோதனையை எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர் மாதிரியை மருமகள் தொடக் கூடாது என்பது வழக்கம். ஆனால் இந்த வேலை தெரிந்த இன்னொருவர் கால் முறிந்து விடுப்பில் இருந்தார். பெயரை மறைத்து எண் போட்டு, டாக்டரம்மாவே அனுமதி கொடுத்தார்.

மாதிரி மருமகளின் மேசைக்கு வந்த நாளில் மாமியார் மூன்று முறை போன் செய்தாள்.

"வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டுல பேச வராங்க. கையில ஒரு காகிதமாவது இருக்கணும். புரியுதா?"

"இது நாள் பிடிக்கும் அத்தை..."

"உனக்கு எதுதான் நாள் பிடிக்காது! ஒரு தடவையாவது இந்த வீட்டு மனுஷியா நடந்துக்கோ!"

ஒரு தடவை அவள் அப்படி நடந்துகொண்டாள். ஒரு நாள் கிடக்க வேண்டியதை மதியத்துக்குள் எடுத்தாள். கை பக்கத்துப் பெட்டிக்குப் போய், குறுகிய வாய் உள்ள முனையை மாட்டியது. இழுத்தாள். இழுக்கும்போதே விரலுக்குத் தெரிந்துவிட்டது, அது வர வேண்டிய கனத்தில் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பையன் திரையைப் பார்த்து, "என்ன மேடம், இது நூலா உமியா? நீங்கதானா பண்ணீங்க?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை காகிதம் இல்லை. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

மறுபடி ரத்தம் கொடுக்க நாத்தனாரை அம்மாதான் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா, "உங்களோடதும் ஒரு குழாய் எடுத்துக்கலாமாம்மா?" என்று மாமியாரைக் கேட்டார்.

"எனக்கெதுக்கு? ரெண்டு பெத்து வளர்த்தவ நான்."

"அதனாலதான் கேக்கறேன். பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கலாம்."

பெருமையாகக் கையை நீட்டினாள் மாமியார்.

இந்த முறை மருமகள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மூச்சைக்கூட அளந்து விட்டாள். ஒரு நாள் கிடக்க வேண்டியது ஒன்றரை நாள் கிடந்தது. ஒரு வாரம் கழித்து இரண்டு எண்களின் வரைபடங்களும் திரையில் அடுத்தடுத்து வந்தன.

இரண்டிலும் ஒரே சங்கதி. நாலாம் குரோமோசோமின் நுனி பதினொன்றில் ஒட்டியிருந்தது. பதினொன்றின் நுனி நாலில். எதுவும் குறையவில்லை, எதுவும் கூடவில்லை. நுனிகள் மட்டும் இடம் மாறியிருந்தன. மைக்ராஸ்கோப்புக்கு அது மிகச் சின்னது. எழுத்தெழுத்தாகப் படித்தவர்களுக்கு ஒவ்வொரு எழுத்தும் சரியாகவே இருந்திருக்கும். சுமப்பவருக்கு ஒரு கேடும் இல்லை. பிள்ளைக்குப் பாதியைப் பங்கிட்டுக் கொடுக்கும்போதுதான், சில சமயம் ஒரு நுனி கூடிவிடும், ஒரு நுனி இல்லாமல் போகும். அந்தக் கரு நிற்காது.

மருமகள் நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். எண்கள்தான் இருந்தன. ஆனால் ரத்தம் எடுத்த தேதியும் நேரமும் போதுமே! மாமியார் பிறப்பதற்கு முன்பே நடந்த விஷயம். அறுபத்திரண்டு வருடம். அந்த ஸ்கூட்டரைச் செய்த கம்பெனியே அப்போது பிறந்திருக்காது.

தன் இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"இது என் வாயாலதான் போகணும். அதுவும் அவங்கவங்களோடது அவங்கவங்களுக்கு மட்டும்" என்றார் டாக்டரம்மா. "நான் ஒன்பது நாள் வெளியூர். வந்து கூப்பிடறேன். உங்களால முடியுமா?"

"முடியும் டாக்டர்."

முடியும் என்று சொல்வது எளிது.

"என்ன வந்திருக்கு?" அன்று இரவுச் சாப்பாட்டில் மாமியார் கேட்டாள்.

"டாக்டர் கூப்பிட்டுச் சொல்வாங்க அத்தை."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நான் சொல்லக் கூடாது அத்தை."

மாமியாரின் கை தட்டில் நின்றது. "ஓ... அப்படியா! சொல்லக் கூடாதா! உன் வண்டியாலதான்னு அதுல வந்திருக்கு. அதான் வாயைத் தைச்சுக்கிட்டு உக்காந்திருக்க! நல்லதா இருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருக்க மாட்ட?"

உள்ளறைக் கதவு படாரென்று சாத்தப்பட்டது. கணவன் சமையலறைவரை மருமகளின் பின்னாலேயே வந்து, "எனக்காவது சொல்லேன்" என்றான்.

"உங்களுக்கும் சொல்லக் கூடாது."

"நான் உன் புருஷன்டி."

"அதனாலதான் இன்னும் கஷ்டமா இருக்கு" என்றாள்.

ஒன்பது நாளும் அந்த வீட்டில் காலை என்றால் அந்தப் பேச்சுதான். மாவு சலிக்கும்போது, துணி உலர்த்தும்போது, வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நிற்கும்போது. "சொல்ல மாட்டாளாம்! ராணுவ ரகசியம்!" மருமகளின் நாக்கு நுனிவரை அந்த நாலும் பதினொன்றும் வந்து வந்து திரும்பிப் போயின. ஒரு வாக்கியம் போதும். நாலு வருடம் தீர்ந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள். ஒரு நாள் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்ததை அவளே கவனித்தாள்.

பத்தாம் நாள் டாக்டரம்மா கூப்பிட்டார். "நான் வரல. இன்னொரு தடவை அந்தப் படி ஏறி, எல்லாம் சரின்னு கேக்க எனக்குத் தெம்பில்ல" என்று நாத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். மாமியார் மட்டும் போனாள். மகளுடையதை டாக்டரம்மா அவளிடம் சொல்லியிருக்க மாட்டார். மாமியாருடைய முடிவை மட்டும் அவளிடம் சொல்லியிருப்பார்.

மாமியார் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஜன்னலோரம் இருந்த தையல் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். தைக்கவில்லை.

மருமகள் டீ கொண்டுபோய் வைத்தாள். மாமியார் டம்ளரைப் பார்த்தாள், இவளைப் பார்க்கவில்லை.

இனி சொல்வாள் என்று மருமகள் நினைத்தாள். அன்று சொல்லவில்லை. மறுநாள் காலையும் சொல்லவில்லை. வசவு நின்றது. நத்தை என்ற பேச்சு நின்றது. வீடு பஞ்சடைத்த காது மாதிரி இருந்தது. மாமியார் மிஷினில் குனிந்து என்னவோ வெட்டினாள், தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். மூன்றாம் நாள், நாலாம் நாள்... முந்தைய ஒன்பது நாளில் வராத கோபம் இந்த நாலு நாளில்தான் மருமகளுக்கு வந்தது. உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் உங்களுக்குத் தெரியும்! ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்ல அப்படி என்ன வலிக்கிறது?

ஐந்தாம் நாள் காலை மாப்பிள்ளை வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அதிர்ந்து பேசாத மனிதர். கூடத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "வீட்டுக்கு வா. குழந்தை இருந்தாலும் இல்லாட்டியும் வா" என்றார்.

உள்ளறைக் கதவு திறந்தது.

"வந்து? வந்து என்ன பண்ணச் சொல்றீங்க? உங்க அம்மா மூஞ்சியப் பாக்கவா?" நாத்தனாரின் முகம் வீங்கியிருந்தது. சட்டென்று அண்ணி பக்கம் திரும்பினாள். "எல்லாம் இவங்களால! அன்னிக்கு நான் சிரிச்சேன்... பின்னால உக்காந்து சிரிச்சேன் அண்ணி! நீங்க எனக்கு என்ன பண்ணினீங்கன்னு தெரியாம! இப்ப ரிசல்ட்டையும் மறைச்சு வச்சிருக்கீங்க. உங்களைப் பாத்துக்கிட்டு ஒரு நாள்கூட இந்த வீட்டுல இருக்க என்னால முடியாது!"

லிப்ட் மெக்கானிக் எழுந்தான். நாலு வருடத்தில் முதல்முறையாக ஏதோ ஒரு மாடியில் போய் நின்றான். "சரி பாப்பா. நீ இரு. நாங்க கிளம்பறோம்."

மருமகள் அழவில்லை. உள்ளே போய், நாலு துணியை ஒரு பையில் வைத்தாள். எப்போதும்போல நிதானமாக, மடித்து, மடிப்பு கலையாமல். பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். மாமியாரை ஒருமுறை பார்த்தாள். சொல்லும்படி கேட்கிற பார்வை இல்லை அது. கேட்டு ஓய்ந்த பார்வை.

"அந்தப் பையைக் கீழ வையி."

சொன்னது மாமியார். மிஷின் இழுப்பறையிலிருந்து இரண்டு இஞ்ச் டேப்பை எடுத்தாள். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. முப்பது வருடமாக அவள் கழுத்தில் கிடந்தவை. இரண்டின் நுனியையும் வெட்டி, மஞ்சளின் நுனியை வெள்ளையிலும், வெள்ளையின் நுனியை மஞ்சளிலும் தைத்திருந்தாள்.

"இங்க பாரு பாப்பா. ஒவ்வொரு இஞ்சா எடுத்துப் பாத்தா ஒரு தப்பும் தெரியாது. நெட்டுக்க நீட்டிப் பிடிச்சாத்தான் தெரியும், நுனி மாறிப்போச்சுன்னு." மூச்சு வாங்கினாள். "டாக்டரம்மா படம் காட்டினாங்க. எனக்கு மண்டையில ஏறல. வீட்டுக்கு வந்து வெட்டித் தைச்சுப் பாத்தேன். இது நான். என் ரத்தத்துல இருக்கிறது இது. பொறக்கறதுக்கு முன்னாலேயே. உனக்கு இருக்கான்னு எங்கிட்ட சொல்லல. நீ போய்க் கேளு. இருக்கும்னுதான் எனக்குத் தோணுது. வண்டியால இல்லடி. மேடு பள்ளத்தால இல்ல!"

நாத்தனார் டேப்பையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கண்ணனுக்கு முன்னால எனக்கு ரெண்டு போச்சு. அவனுக்கும் உனக்கும் நடுவுல மூணு. உங்க யாருக்கும் தெரியாது. மாசமா இருக்கிறப்ப மிஷின் மிதிச்சே, அதான் கலைஞ்சுதுன்னு எம்மாமியார் சொன்னாங்க. மிதிக்காம சோறு ஏது? ஒவ்வொரு தடவையும் மிதிச்சேன்... ஒவ்வொரு தடவையும் நாந்தான் கொன்னேன்னு நினைச்சேன்... நாப்பது வருஷம்!" டேப்பை மடியில் போட்டாள். "நான் மிதிச்சதால இல்லையாம்டி... டாக்டரம்மா சொல்றாங்க... மிதிச்சதால இல்லையாம்!"

அப்போதுதான் அவள் உடைந்து அழுதாள். மகன் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தான். நாத்தனார் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்ல? அந்த ஒன்பது நாளும் தெரியும்ல?"

"தெரியும் அத்தை."

"ஏன்டி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் வாய் அடைஞ்சிருக்குமே!"

"உங்களோடதை நான் எப்படி அத்தை சொல்றது?"

மாமியார் தலை குனிந்தாள். மருமகள் பையைக் கீழே வைக்கவில்லை. அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஆனா நீங்க ஏன் சொல்லல? நாலு நாள் அத்தை... நாலு நாளா டீ கொண்டுவந்து வச்சுட்டு உங்க முகத்தையே பாத்துக்கிட்டு நின்னேனே!"

மாமியார் இரண்டு டேப்பையும் சுருட்டி இழுப்பறையில் வைத்தாள்.

"உன்னை விட்டுட்டா... அப்புறம் யாரைச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் மாமியார்.

அது மன்னிப்பு இல்லை. ஆனால் அதைவிட உண்மையான ஒன்றை மாமியார் சொல்லி அந்த வீடு கேட்டதில்லை. மருமகளின் கையிலிருந்து பை நழுவியது. நாத்தனார் தவழ்ந்தபடி வந்து அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி... நான் சிரிச்சது நிஜமா சந்தோஷமாத்தான் அண்ணி..." மருமகள் குனிந்து அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள், மெதுவாக, எதுவும் அறுந்துவிடக் கூடாது என்பதுபோல. பிறகு அவளும் அழுதாள்.

மிச்சம் கொஞ்சம்தான். நாத்தனார் மறுநாள் டாக்டரம்மாவைப் பார்த்துத் தன்னுடையதையும் கேட்டுக்கொண்டு, புருஷனோடு வீட்டுக்குப் போனாள். அவளுக்கு இன்னொரு கருவும் நிற்கவில்லை. அப்போது யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அதற்கு அடுத்தது நின்றது. பெண் குழந்தை, இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஊசிக்குப் பயந்து இரண்டு வருடம் தள்ளிப்போட்ட லிப்ட் மெக்கானிக்கும் கடைசியில் ரத்தம் கொடுத்தான். அவனிடம் அந்த மாற்றம் இல்லை. கால் முறிந்தவர் வேலைக்குத் திரும்பிவிட்டார். மருமகள் இன்னும் அதே மேசையில், அதே ஜன்னலோரம் இருக்கிறாள். வண்டியில்தான் போய் வருகிறாள். மாமியார் சாகும்வரை மன்னித்துக்கொள் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. கண் மருத்துவரிடம் போக வேண்டியிருந்தபோது மட்டும், ஆட்டோ கூப்பிடப் போன மகனைத் தடுத்து, "வேணாம், நத்தையோட வண்டியில போயிக்கறேன்" என்றாள்.